பலகைக்குப் பன்னிரண்டு குடம்

டிசம்பர் 23, சனி

கட்டில் பலகையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. வீட்டுக்குள் போனதும் அதைத்தான் முதலில் பார்த்தேன். சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். மணல் மாதிரி நறநறத்தது.

வெள்ளம் வந்து இன்று ஆறாவது நாள். தெருவில் தண்ணீர் வடிந்ததும் அம்மாவும் நானும் போய் வீட்டைத் திறந்தோம். கதவு உப்பிப்போய் இறுகியிருந்தது. அம்மா தோளால் இடித்துத் திறந்தாள். சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்பு அடையாளம். டிவி ஸ்டாண்டைத் தூக்கினேன். டீயில் முக்கின ரஸ்க் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது.

"தூளை அமுக்கி மேல தாளை ஒட்டி வச்சிருக்கான் பாரு. இதைப் போயி தேக்குன்னு சொல்லித் தந்தானே, வெளங்குவானா" என்று அம்மா அதைக் கூட்டி அள்ளினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கும் பயம் கொஞ்சம் போயிற்று.

அப்பாவின் கட்டில் பலகைகள் மட்டும் உருக்குலையாமல் இருந்தன. இரும்புக் கட்டில் மேல் போடும் இரண்டு கனமான பிளைவுட் பலகைகள். அப்பா உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சமமான கெட்டிப் பலகை, அதன் மேல் மெத்தை, இதில்தான் படுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பள்ளமோ மேடோ ஈரமோ இருந்தால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு தடவை வந்து, ஆற மூன்று மாதம் ஆயிற்று.

இப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். வெள்ளத்தில் வந்தவர்களுக்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம். ஜனவரி இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. ஒன்றாம் தேதி சாயங்காலத்துக்குள் வகுப்புகளைக் காலி செய்து தரவேண்டும் என்று முகாமைப் பார்த்துக்கொள்ளும் அமலோற்பவம் டீச்சர் அறிவித்தார்கள். அதற்குள் பலகை காயவேண்டும். கடையில் வாங்கலாம் என்றால், பிளைவுட் குடோன்களும் எங்களைப்போலத் தண்ணீரில்தான் நின்றன.

இந்த நோட்டு இன்று கிடைத்தது. மதுரையிலிருந்து வந்த ஓர் அண்ணன் எல்லோருக்கும் பை கொடுத்தார். பிஸ்கட், பென்சில், பேனா, நோட்டு. பை மேல் 'மாணவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. நான் வரிசையில் நிற்கவில்லை. சுவரோரம் நின்றவள் கையில் அவரே வைத்துவிட்டுப் போனார். நான் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அந்த அண்ணன் நன்றாக இருக்கட்டும்.

டிசம்பர் 24, ஞாயிறு

பலகைகளை ஆமினா பெரியம்மா வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். எங்கள் தெருவில் மாடி இருப்பது அவர்களுக்கு மட்டும்தான். "கேக்கணுமா புள்ள, தூக்கிட்டு வர வேண்டியதுதான" என்று பெரியம்மாவே ஒரு முனையைப் பிடித்தார்கள். அம்மா இரண்டையும் நல்ல வெயிலில் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

காலையில் வகுப்பின் கரும்பலகையில் தேதி எழுதினேன். அப்பாவுக்கு நாள் தெரியட்டும் என்றுதான். தேதிக்குக் கீழே 'பதிவு 14, வருகை 14' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அப்பா சிரித்தார். இந்த அறையில் மொத்தம் பதினாலு பேர் இருக்கிறோம். இது ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு.

டிசம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸ். ஸ்தோத்திரம். ஆளுக்கு ஒரு துண்டு கேக் வந்தது. ஆமினா பெரியம்மா ஒரு சட்டி நெய்ச்சோறு கொடுத்து அனுப்பினார்கள். அறையில் உள்ள பதினாலு பேரும் சாப்பிட்டோம். கஷ்டப்படுகிறோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அப்பாவுக்கு உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு அவர் முதுகின் அடியில் சரியாக வருகிறது. அங்கே சிவந்திருந்தது. போர்வையை மடித்து வைத்தேன். மடிப்பு விலகிவிட்டது.

"பெஞ்சு எப்படிப்பா இருக்கு?"

"ராசா மாதிரி இருக்கேன். என்ன, ராசாவுக்கு நெளிய முடியல, அவ்வளவுதான்."

சாயங்காலம் மாடிக்குப் போய் அம்மா பலகையைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. "காஞ்சிட்டுதுட்டி" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 26, செவ்வாய்

காலையில் ஆறு மணிக்கு நான் மட்டும் மாடிக்குப் போனேன். பலகை ஈரமாக இருந்தது. மழை இல்லை. தரை காய்ந்து கிடந்தது. பக்கத்துக் கொடியில் பெரியம்மாவின் துப்பட்டி காய்ந்து கிடந்தது. பலகை மட்டும், வேலை செய்துவிட்டு வந்த ஆள் மாதிரி வேர்த்திருந்தது.

இன்னொன்றும் கண்டேன். இரண்டு பலகையும் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தன.

அம்மா பெருமாள் அண்ணாச்சியை அழைத்து வந்தாள். முழுப்பெயர் சிவனணைந்த பெருமாள். தச்சு வேலை. வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் கதவு இழைக்காத வீடு இல்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறார். டீ மட்டும் வாங்கிக் குடிக்கிறார்.

"யாரு இதை வெயில்ல சாத்துனது?" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"ஒரு பக்கம் வெயிலு, ஒரு பக்கம் செவரு. வெயில் பட்ட பக்கம் சுருங்கி இழுத்துட்டு. பலகைய நெழல்ல படுக்கப் போடணும் தாயி. அடியில ரீப்பர் கட்டை குடுத்து, மேலயும் கீழயும் காத்துப் போகணும். பாரம் ஏத்தணும்."

மாடிப்படிக்குக் கீழே நிழலில், ரீப்பர் என்கிற ஒல்லியான மரச்சட்டங்களை அடியில் வைத்து அப்படியே செய்தோம். செங்கல் தூக்கிக் கொடுத்தேன். காலையில் வேர்த்திருந்ததைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அண்ணாச்சி என்னிடம், "பாப்பா என்ன படிக்கா?" என்று கேட்டார். அம்மா எனக்காகப் பதில் சொன்னாள். யார் என்ன கேட்டாலும் அம்மாதான் எனக்காகப் பதில் சொல்வாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

டிசம்பர் 27, புதன்

இன்று காலையும் வேர்த்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு, அப்புறம் ஒரு கசப்பு.

கசந்ததும் புரிந்தது. அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். அவள் வேலைச் சேலையைத் துவைப்பது என் வேலை. அடிபம்புத் தண்ணீரில் அலசிப் போட்டால் மத்தியானம் காய்ந்துவிடும். மறுநாள் விடியும்போது பார்த்தால் ஈரம் கோத்திருக்கும், ஏனென்றால் எங்கள் தெருவில் நிலத்தடித் தண்ணீரும் உப்புதான். கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசினால்தான் காய்ந்தது காய்ந்தபடி இருக்கும். உப்பு சேலைக்குள் இருந்துகொண்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. இந்த வெள்ளம் உப்பளத்தின் வரப்புகளை உடைத்துக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் வந்தது. பாத்தியில் உப்பு எடுத்தபிறகு மிஞ்சுமே, எண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஒரு தண்ணீர், அதுவும் சேர்ந்து வந்திருக்கும். அதற்குத்தான் அந்தக் கசப்பு.

நாலு மணிக்கு அண்ணாச்சி வந்தார். அந்த நேரம் பலகை காய்ந்திருந்தது. தட்டிப் பார்த்து, "நல்லாருக்கு. ஒரு கோட்டு பிரைமர் அடிச்சிருவோம். இனி ஈரம் உள்ள போகாது" என்றார்.

ஈரம் உள்ளேதான் இருக்கிறது.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். வாய் திறந்தேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "என்ன பாப்பா?" என்றார். "டீ வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் அடித்து முடித்தார். வேலை சுத்தமாக இருந்தது.

டிசம்பர் 28, வியாழன்

பிரைமர் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலை வைத்தால் தோல் உரிகிற மாதிரி வந்தது. அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது வருசமா அடிக்கேன். இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல" என்றார். என்னால்தான் அவருக்கு இந்தத் தலைகுனிவு.

முகாமுக்கு வந்தேன். நர்ஸ் அக்கா அப்பாவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தோல் விட ஆரம்பிச்சிட்டு. இந்தப் பெஞ்சுல இனி ரொம்ப நாள் வைக்கக்கூடாது. சமமான எடம் வேணும். தரையில போட்டாலும் நீங்க தூக்கித் திருப்ப முடியாது" என்று மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். தினமும் வருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்ததாம்.

அவர்கள் போனபிறகு அப்பாவிடம் சொன்னேன். முதல் நாள் பார்த்த வெள்ளைக் கோடு, காலை ஈரம், நாக்கில் வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"நேத்து நல்லாத் தெரியும். அதுக்கு முந்தி பாதி தெரியும்."

"பெருமாள்ட்ட ஏன் சொல்லல?"

"அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்னு நெனச்சேன்."

அப்பாவுக்குக் கோபம் இல்லை. மெதுவாகச் சொன்னார்: "இங்க பாரு கனி. முதுகுல என்ன நடக்குன்னு எனக்குத் தெரியாது. வலிச்சா நானே ஊரக் கூட்டிருவேன். எனக்கு அங்க வலிக்கவே செய்யாதே. எனக்கும் சேத்து நீதான் கத்தணும். நீயும் வாய மூடிக்கிட்டா எப்படி?"

எழுந்து போனேன். ஓடினேன் என்று எழுதலாம். அண்ணாச்சி ஆமினா பெரியம்மா வீட்டு வாசலில் கொப்புளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெரியம்மாவும் நின்றார்கள்.

"அண்ணாச்சி, அது காயாது."

"ஏன்?"

"அதுக்குள்ள உப்பு இருக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். "ஏயப்பா! இதுல ஊறுகா போடலாம் போலிருக்கே!"

"நீ எப்படி புள்ள கண்டுபிடிச்ச?" என்று பெரியம்மா கேட்டார்கள்.

"நானும் நக்கித்தான் பாத்தேன்."

"சாக்கடைத் தண்ணிட்டி அது! வயித்தால போச்சுன்னா?" என்று பெரியம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் வாய் கொப்பளிக்க வைத்தார்கள்.

சேலை விஷயத்தைச் சொன்னேன். நல்ல தண்ணீரில் கழுவினால்தான் நிற்கும் என்று சொன்னேன். அண்ணாச்சி இடுப்பில் கை வைத்தார்.

"ஏ புள்ள, நனைஞ்ச பலகைய காய வைக்கணும்னு என்னக் கூப்பிட்டீங்க. இப்ப காஞ்ச பலகைய நனைக்கணும்னு சொல்லுத. இது பலகையா, கருவாடா?"

"கருவாட்டையும் கழுவித்தான அண்ணாச்சி கொழம்பு வைக்கோம்."

அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. பெரியம்மா சிரித்த சிரிப்பில் தலையில் போட்டிருந்த துணி நழுவிவிட்டது. அண்ணாச்சியும் சிரித்தார். "சரிதான். ஒரு நாளு போனாப் போகட்டும். வேற வழியும் இல்ல. ரெண்டு பலகைக்கும் பன்னெண்டு கொடமாவது வேணும், நல்ல தண்ணி. எங்க போவ?" என்றார்.

மாநகராட்சி லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. வீட்டுக்கு நாலு குடம். அதுதான் குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும்.

டிசம்பர் 29, வெள்ளி

லாரி காலை எட்டு மணிக்கு வந்தது. எங்கள் நாலு குடத்தில் இரண்டைப் பலகைக்கு வைத்தேன். மீதி பத்து குடம் வேண்டும். அம்மா நிவாரண டோக்கனுக்காக விடியற்காலையே வரிசைக்குப் போய்விட்டாள். இல்லாவிட்டால் அவள்தான் கேட்டிருப்பாள்.

முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று வெகுநேரம் நின்றேன். கடைசியில் பள்ளிக்கூடத்துக்கே போனேன். அமலோற்பவம் டீச்சர் அலுவலகத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டிலும் ஒன்பதிலும் எனக்குக் கணக்கு எடுத்தவர்கள். நான் படிப்பை விட்டு நின்றபிறகு இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு தடவையும் நான் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவ அவ்வளவு பாத்திரம் இருந்தது என்று எழுதமாட்டேன்.

"டீச்சர், ஒரு குடம் நல்ல தண்ணி வேணும்."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "ரெண்டு வருசம் கழிச்சு எங்கிட்ட பேசுத. மொத வார்த்தையே தண்ணியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதற்கு என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "காலைல ஈரம், சாயங்காலம் காஞ்சிருக்கு. இதை எத்தன நாளு பாத்த?"

"மூணு நாளு டீச்சர்."

"ஒரு நாளு பாத்து முடிவு பண்ணாம மூணு நாளு பாத்திருக்க" என்றார்கள். இரண்டு குடம் கொடுத்தார்கள்.

அப்புறம் தெரு. லூர்து சித்தி வீட்டில் ஒன்று. தையல்கார மைனி வீட்டில் ஒன்று. ஆமினா பெரியம்மா மூன்று குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, "எங்க வீட்டுக்கு ஒண்ணு போதும், நாங்க ரெண்டே பேருதான" என்றார்கள். அவர்கள் வீட்டில் ஐந்து பேர்.

மளிகைக்கடை வீட்டம்மா வாசலிலேயே நிறுத்தினார்கள். "குடிக்கதுக்கே இல்ல. இதுல ஒங்க கட்டில குளிப்பாட்டணுமாக்கும்? பத்து நாளைக்கு முந்தி கேட்டிருந்தா ஊரே தண்ணியாக் கெடந்துச்சே, அள்ளிக் குடுத்திருப்பேன்." தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் நான் திரும்பியிருப்பேன்.

"அந்தத் தண்ணிதான் அக்கா இப்ப பலகைக்குள்ள இருக்கு. அதை வெளிய எடுக்கத்தான் கேக்கேன். அப்பாவுக்குப் புண்ணு வந்துட்டு" என்றேன்.

அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். பின்னாலேயே ஓர் ஆள் குடத்தோடு வந்தது. திரும்பினால் அவர்கள்தான். "நிக்க மாட்டியா? கேட்டுட்டு ஓடுத" என்றார்கள்.

அடுத்த இரண்டு வீடுகளிலும் ஒவ்வொன்று கிடைத்தது. பத்து மணிக்குள் பன்னிரண்டு குடம் சேர்ந்துவிட்டது.

அண்ணாச்சி பிரைமரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். பலகையைக் குளிக்கிற டப்பில் சாய்த்து நிறுத்தி, மேலிருந்து குவளை குவளையாக ஊற்றினேன். கீழே சேர்ந்த தண்ணீரை எடுத்து அடுத்த பலகைக்கு முதல் கழுவல். அதற்கு மேல் புதுத் தண்ணீர். ஒரு சொட்டும் தெருவுக்குப் போகவில்லை. ஓரங்களில்தான் அதிகம் உப்பு இருந்தது. அங்கே ஈரத்துணியை ஒட்டி வைத்து, உறிஞ்சியதும் பிழிந்து, மறுபடி ஒட்டினேன். எட்டு தடவை. கடைசித் துணியை வாயில் வைத்துப் பார்க்கப் போனேன். பெரியம்மா கையில் ஒன்று போட்டார்கள்.

நனைந்ததில் வளைவும் இளகிவிட்டது. "பாத்தியா, கழுவுனது ரெண்டுக்கும் மருந்தாப் போச்சு" என்று அண்ணாச்சி சொன்னார். ரீப்பர் கட்டை, பலகை, மறுபடி ரீப்பர், அடுத்த பலகை, எல்லாவற்றுக்கும் மேலே இருபத்துநாலு செங்கல். ஒரு பலகையின் மூலையில் அடுக்கு பிரிந்திருந்தது. காய்ந்தபிறகு பசை விட்டு இறுக்கித் தருகிறேன் என்றார். போகும்போது, "டீ வேணுமான்னு கேட்டியே அன்னைக்கு, அப்பவே இதைச் சொல்லிருக்கலாம்லா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. தப்புதான்."

"தப்பில்ல. ஆனா ஒரு டப்பா பிரைமர் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

டிசம்பர் 30, சனி

நல்ல காற்று. ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31, ஞாயிறு

ஒரு யோசனை செய்தேன். நாக்கு கூடாது என்று எல்லோரும் தடுத்துவிட்டதால், நேற்று சாயங்காலம் பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்தேன். காலையில் எடுத்தபோது கொஞ்சம் துவண்டிருந்தது. ஆனால் ஈரம் பலகை முழுவதும் ஒரே மாதிரி இருந்தது. ஓரத்தில் கூடுதல் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. இது கழுவின ஈரம்தான், காய்ந்துவிடும். நான் நினைப்பது சரியாக இருக்கவேண்டும்.

பெரியம்மா தன் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து படிக்கட்டுக்குக் கீழே வைத்தார்கள். அவர்கள் வீட்டில் அது ஒன்றுதான் தண்ணீரில் மூழ்காமல் தப்பியது.

அப்பாவின் புண் நேற்றைக்கு இருந்ததைவிடப் பெரிதாகவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புகிறோம். அறையில் இருக்கும் ஆண்கள் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். யாரையும் கூப்பிடவேண்டியதே இல்லை.

ஜனவரி 1, திங்கள்

காலையில் செய்தித்தாள் பாதி மொடமொடத்தது. அண்ணாச்சி மூலையில் பசை விட்டு, இரண்டு திருகாணி போட்டார். பலகையைத் தரையில் போட்டு, ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தலைப்பக்கம் இம்மி அளவு தூக்கல் இருந்தது. "தலைமாட்டுல தூக்கல் இருந்தாத் தப்பில்ல. முதுகுக்கு நேரா சமமா இருக்கு" என்றார். பிரைமர் அடிக்கவில்லை. "ஒரு மாசம் சும்மா கெடக்கட்டும். காத்து வாங்கட்டும். நீ பேப்பர் வச்சுப் பாத்துட்டு எப்ப அடிக்கணும்னு சொல்லு, நான் வந்து அடிக்கேன்."

நான் சொல்லவேண்டுமாம்.

மூன்று மணிக்கு நாலு பேர் அப்பாவை ஒரு பெஞ்சில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். "புதுவருசத்துக்கு சப்பரம் வருது, வழி விடுங்கப்பா!" என்று அப்பா கத்திக்கொண்டே வந்தார். அம்மா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தாள். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. பலகை மேல் மெத்தையைப் போட்டு, அவரைப் படுக்கவைத்தோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பலகையைத் தடவினார். "தரை மாதிரி இருக்கு" என்றார். "நம்ம வீட்டுத் தரை மாதிரி."

பெஞ்சைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வகுப்பைக் கூட்டினேன். எல்லோரும் போயிருந்தார்கள். கரும்பலகையில் காலையில் எழுதியது அப்படியே இருந்தது. அழிக்கத் துணி எடுத்தேன். வாசலில் டீச்சர் நின்றார்கள்.

"விடு. நாளைக்கு வாறவங்க தேதிய மட்டும் மாத்திக்கிடட்டும்."

"சரி டீச்சர்."

"அந்த நோட்டு தீந்துட்டா?"

நான் எழுதுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? "பாதி இருக்கு டீச்சர்" என்றேன். இன்னொரு பேனா கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 2, செவ்வாய்

மணி கேட்டது. இரண்டு தெரு தள்ளி என்றாலும் காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும். முதல் பீரியட் கணக்கு.

அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். சுவரின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவினேன். அம்மாவின் சேலைகளை நல்ல தண்ணீரில் அலசிப் போட்டேன்.

ஜனவரி 3, புதன்

விடிந்ததும் அப்பாவை ஒருக்களித்து, மெத்தைக்கு அடியில் வைத்திருந்த செய்தித்தாளை இழுத்தேன். சரசரவென்று சத்தம் போட்டது.

"என்னட்டி சத்தம்?"

"பேப்பர்ப்பா. காஞ்சிருக்கு."

"முழுசுமா?"

"முழுசும்."

அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை கசக்கிக் காட்டினேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கித் தானும் ஒரு தடவை கசக்கிப் பார்த்தார்.

பத்து மணிக்கு நர்ஸ் அக்கா வீட்டுக்கே வந்தார்கள். புண்ணின் ஓரம் உலர ஆரம்பித்திருக்கிறது, இப்படியே வைத்துக்கொண்டால் ஆறிவிடும் என்றார்கள். அம்மா அவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருவாம். முன்பின் பார்த்ததில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார்கள்.

"பலகை கழுவுன பிள்ளைங்கிறது இந்த வீடுதானா? பெருமாள் அண்ணாச்சி சொன்னாவ. எங்க வீட்டுப் பிளைவுட் கதவு காயவே மாட்டேங்கு."

"ஆமா, எங்க பிள்ளைதான். அவ கொஞ்சம் கூச்சப்படுவா. என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க" என்று அம்மா ஆரம்பித்தாள்.

அப்பா கட்டிலில் கிடந்தபடியே என்னைப் பார்த்தார்.

நான் செய்தித்தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மாவைத் தாண்டி முன்னால் போய் நின்றேன்.

"ஈரம் காலையில இருக்கா அக்கா, இல்ல நாள் பூராவும் இருக்கா?" என்று கேட்டேன்.